வாடகைத் தகப்பன்!

"வாடகைத் தாய்" தெரியும். "வாடகைத் தகப்பன்" உண்டா? உண்டு. மனிதரில் அல்ல; ஆட்டிலும் பன்றியிலும்!

ஒரு கிடா. வாட்டசாட்டமாக இருக்கிறது. பெட்டையைத் தேடிப் போகிறது. ஆனால், அதன் விதையில் ஊறும் விந்தணுவில் ஒன்றுகூட அதனுடையது அல்ல. எல்லாம் வேறொரு கிடாவினுடையது. பிறக்கும் குட்டிக்கு உண்மையான தகப்பன் எங்கோ இருக்கிறது. செத்தும் போயிருக்கலாம்!

விஷயம் இதுதான். ஆண் மிருகத்தின் விதைக்குள் மெல்லிய குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் சுவரோரம் "மூல அணுக்கள்" இருக்கின்றன. அவை பெருகும்போது சில மூல அணுவாகவே தங்கிவிடும். மற்றவை படிப்படியாக மாறி விந்தணு ஆகும். காளைக்கு இதற்குச் சுமார் 61 நாள் பிடிக்கும். தங்கிய அணுக்கள் இருக்கும்வரை ஊற்று வற்றாது.

இந்த மூல அணுவை எடுத்து இன்னொரு மிருகத்தின் விதையில் விட்டால் என்ன? 1994-ம் ஆண்டில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ரால்ப் பிரின்ஸ்டர் சுண்டெலியில் அதைச் செய்து காட்டினார். குட்டிகளும் பிறந்தன.

15-ல் ஒன்று

எலிக்குச் சரி. பெரிய மிருகத்துக்கு?

2003-ல் வெள்ளாட்டில் சோதித்தார்கள். மனித மரபணு ஒன்றைத் தாங்கிய கிடாக்களின் மூல அணுக்களைப் பருவம் வராத 5 கிடாக்களுக்கு ஏற்றினார்கள். வளர்ந்தபின், 2 கிடாக்களின் விந்தில் அந்த மரபணு தென்பட்டது. ஒன்றைப் பெட்டைகளோடு சேரவிட்டதில் 15 குட்டிகள் பிறந்தன. மனித மரபணு இருந்தது ஒரே ஒரு குட்டியில்தான்!

வீட்டுக்காரன் உள்ளே இருக்கும்போது குடித்தனக்காரனுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்?

ஆகவே, வீட்டையே காலி செய்துவிட்டார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி ஜான் ஓட்லியும் அவருடைய கூட்டாளிகளும் செய்த வேலை இது. "டாலி" ஆட்டை உண்டாக்கிய ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிலையமும் இதில் சேர்ந்தது. ஆணுக்கு மூல அணு நிலைக்கவேண்டுமானால், "நானோஸ்-2" என்ற மரபணு வேண்டும். "கிரிஸ்பர்" என்னும் மரபணுக் கத்தரியைக் கொண்டு அதை முடக்கினார்கள். பிறந்த ஆண்களுக்கு உடம்பில் வேறு குறை இல்லை. குழாய்கள் மட்டும் காலி!

அந்தக் காலி வீட்டில் வேறு ஆணின் மூல அணுக்களைக் குடியேற்றினார்கள். பன்றியிலும் வெள்ளாட்டிலும் விந்தணு உற்பத்தி தொடங்கியது. எலியில் ஆரோக்கியமான குட்டிகளே பிறந்தன. 2020-ம் ஆண்டு செப்டம்பரில் முடிவுகள் வெளியாயின.

குடியேற்றும் முன்பே மூல அணுவின் மரபணுவைத் திருத்திவிட்டால், குட்டிகள் அந்தத் திருத்தத்துடன் பிறக்கும். விஞ்ஞானிகளின் கண் இதன்மேல்தான். 277 முயற்சியில் பிறந்தது ஒரே ஒரு டாலி! இங்கேயோ ஒரு கிடா போதும், மந்தையே மாறும்.

ஆனால், ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. எலியின் மூல அணுவைக் கண்ணாடித் தட்டில் மாதக்கணக்கில் வளர்க்க முடிகிறது. ஆட்டின், மாட்டின் அணுக்கள் அப்படி எளிதில் வளர்வதில்லை. வளர்த்தால்தானே, சரியாகத் திருந்திய அணுவைப் பொறுக்கி எடுக்க முடியும்?

சீஃப் என்ற காளை

கறவை மாட்டுக்குச் சினை ஊசி இருக்கிறது. பரந்த மேய்ச்சல் நிலத்தில் திரியும் இறைச்சி மாட்டையும் ஆட்டையும் பிடித்து ஊசி போடுவது சாமானிய வேலையா? வாடகைத் தகப்பனை மந்தையில் விட்டால் போதும். ஆப்பிரிக்காவின் சிறு விவசாயிக்கும் உயர்ந்த ஜாதி கிடைக்கும் என்கிறார்கள். நியாயமான ஆசைதான்.

ஆனால், சினை ஊசி கற்பித்த பாடம் ஒன்று உண்டு. 1962-ல் அமெரிக்காவில் "சீஃப்" என்ற ஹோல்ஸ்டீன் காளை பிறந்தது. பால் பெருக்கும் வம்சம். அதற்கு மகள்கள் மட்டும் 16,000! அதன் ரத்தத்தில் கருவைக் கொல்லும் மரபணு ஒன்றும் ஒளிந்திருந்தது. தாய், தகப்பன் இருவழியிலும் அது வந்து சேர்ந்த கரு கலைந்தது. இப்படி உலகெங்கும் சுமார் 5 லட்சம் கருக்கள் கலைந்திருக்கும் என்று 2016-ல் கணக்கிட்டார்கள். ஊசி எட்டாத காட்டுக்கும் மேட்டுக்கும் ஒரே தகப்பனின் வம்சத்தைக் கொண்டுபோகும் வித்தை இது. சீஃபின் கதை இன்னும் வேகமாக நடக்கலாம் என்று சொன்னால் அது பயமுறுத்தல் அல்ல.

சாப்பிடலாமா? 2023-ல், ஓட்லியின் பல்கலைக்கழகம் மரபணு திருத்திய 5 பன்றிகளைத் தொத்திறைச்சியாக்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது. ஐந்துக்கு மட்டுமே, பொதுச் சந்தைக்கு அல்ல.

விவசாயி கேட்கவேண்டிய கேள்வி வேறு. வாடகைத் தகப்பனுக்குப் பிறக்கும் கிடாக்குட்டிக்குச் சொந்த விந்து உண்டு; அதை வைத்து மந்தையைப் பெருக்கலாம். ஆனால், வாடகைத் தகப்பனுக்கு இன்னொரு வாடகைத் தகப்பன் பிறக்காது. அது கிழடானால், அடுத்ததற்கு விற்றவரிடமே போகவேண்டும். அன்று என்ன விலை சொல்வாரோ?