மாற்றுச் சான்றிதழும் மின்வழிப் பதிவும்

நெய்க்காரப்பட்டியிலிருந்து திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை நாடிச் செல்லும் குடும்பம் கல்வியாண்டு முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. வேலை கிடைத்ததும் புறப்பாடுதான். உடன் செல்லும் பிள்ளையிடம் புதிய ஊரில் முதலிற் கேட்கப்படுவது, "டி.சி. எங்கே?" என்பதே. அதைப் பெறத் தந்தை மீண்டும் பேருந்தேறி வருவார். அன்றைய கூலியை இழப்பார்.

இத்துயரைத் தீர்க்கவல்ல கருவி தமிழகப் பள்ளிக் கல்வித்துறையிடம் இன்று உண்டு. கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை என்பது அதன் பெயர். ஆசிரியர்கள் எமிஸ் என்பர். மாணவர் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண். பிள்ளை நீங்கும்போது பழைய பள்ளி அவர் பதிவைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க, புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. மாற்றுச் சான்றிதழும் அதன் வழியே அச்சாகிறது. வரவேற்கத்தக்க மாற்றமே.

ஆயினும், விடுவிக்கும் பொறுப்பு பழைய பள்ளியின் கையில் இருக்கிறது. கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழைப் பூட்டிவைத்த பீரோவின் இடத்தில், பதிவை விடுவியாத கணினி வந்து அமருமாயின் பிள்ளைக்கு என்ன பயன்? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, எட்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாறும் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் உடனே சான்றிதழ் வழங்கவேண்டும் என்கிறது. அது வரத் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கலாகாது என்றும் விதிக்கிறது. மாற்றுச் சான்றிதழ் கட்டண நிலுவையை வசூலிக்கும் கருவியன்று எனச் சென்னை உயர்நீதிமன்றமும் 2024 ஜூலையில் தீர்ப்புரைத்தது. ஆகவே, பிள்ளை முதலில் வகுப்பில் அமரட்டும். பதிவு பின்னே வரட்டும். குறித்த நாள்களுக்குள் விடுவிக்கப்படாத பதிவு தானே விடுபடுமாறு அமைப்பதே முறையாகும்.

தமிழாசிரியர் என்ற முறையில் மற்றொன்றும் கூற வேண்டியுள்ளது. முகமது, முகம்மது, முஹம்மது என ஒரே பெயர் நம் பதிவேடுகளில் பல வடிவு கொள்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் பல. தாளில் எழுதிய காலத்தில், அடுத்த பள்ளியின் எழுத்தர் கேட்டுத் திருத்தியதும் உண்டு. (புதிய பிழை செய்ததும் உண்டு!) மின்பதிவிலோ, முதல் வகுப்பில் விழுந்த பிழை எவரும் கவனியாவிடில் பத்தாம் வகுப்புத் தேர்வின் பெயர்ப்பட்டியல்வரை அப்படியே பயணம் செய்கிறது. மதிப்பெண் சான்றிதழில் ஏறிய பிழையைத் திருத்த அலையும் அலைச்சலைப் பெரியோர் அறிவர். கன்னத்து மச்சத்தைத் தவறாது குறித்துக்கொள்ளும் நாம் பெயரில் ஏனோ அத்துணைக் கவனம் செலுத்துவதில்லை.

ஆதலின், பதிவை விடுவிக்குமுன் பெயர், முதலெழுத்து, பிறந்த நாள் ஆகியவற்றை இரு மொழியிலும் அச்சிட்டுப் பெற்றோரிடம் காட்டுதல் வேண்டும். எழுத்தறியாதவராயின் உரக்கப் படித்துக் காட்டுதல் வேண்டும். சேர்க்கை நடைபெறும் ஜூன் மாதத்தில் நம் தமிழ்த்துறை மாணவர்கள் தத்தம் ஊர்ப் பள்ளிகளில் இரு நாள் அமர்ந்து இப்பணிக்குத் துணைநிற்கலாம். தலைமையாசிரியர்களிடம் இசைவு பெறும் பொறுப்பை ஊர்ப் பெரியோர் ஏற்றால் வரும் ஆண்டிலேயே தொடங்கிவிடலாம்.