உட்கார ஒரு முக்காலி

கடை திறந்தது முதல் கதவு சாத்தும் வரையில் ஜவுளிக் கடைச் சிப்பந்திகள் நின்றுகொண்டே இருக்க வேண்டுமென்பது எந்தத் தர்மம்? கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை செய்த பெண்கள் இக்கேள்வியை எழுப்பிக் கிளர்ச்சி செய்தார்கள். 2018-ல் கேரள சர்க்கார் சட்டத்தைத் திருத்திற்று. 2021-ல் தமிழ்நாட்டுச் சட்டசபையும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, சிப்பந்திகள் அனைவருக்கும் ஆசனம் அளிக்க வேண்டுமென்று விதித்தது. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும், முக்காலியைப் போட்டுவிட்டு, அதில் அமர்ந்தவரை முறைத்துப் பார்க்கும் முதலாளி சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தவர் ஆகார். உட்காருவது சோம்பல் என்பது அவர் எண்ணம். கல்லாவில் அவர் உட்கார்ந்துதானே பணம் எண்ணுகிறார்? அது சோம்பலா? ஓயாது நின்றால் கால் வீங்கும்; நரம்பு புடைக்கும்; இடுப்பு நோகும். நொந்த உடம்பைக் கொண்டு வியாபாரம் செழிக்குமோ?

வாடிக்கைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சிப்பந்தி நின்றால்தான் மரியாதை என்று எதிர்பார்க்கும் வழக்கத்தை அவர்கள் விட்டொழிக்க வேண்டும். தொழிலாளர் சங்கத்தார் கடைதோறும் சென்று, ஆசனம் இருக்கிறதா என்பதோடு, அதில் ஆள் உட்கார முடிகிறதா என்றும் பார்ப்பார்களாக. ஊரார் மானங் காக்கத் துணி எடுத்துக் கொடுப்பவர்களின் மானத்தை ஊரார் காக்க வேண்டாமா?