யாருடைய மாமா?

பக்கத்து போர்ஷன் நண்பர் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. காரணம், அவருடைய ஒன்பது மாதப் பையன். போன ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்து வந்திருந்த மச்சினன் மடியில் உட்கார்ந்துகொண்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தெளிவாக ஒரு வார்த்தை பேசிவிட்டான்.

‘மாமா!’

மச்சினன் கண்கலங்கி, கடைத்தெருவுக்கு ஓடி, வெள்ளி அரைஞாண் வாங்கி மாட்டிவிட்டான்.

“ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து தோள்ல போட்டுக்கிட்டு நடந்தது நான். ரெண்டு நாள் லீவுல வந்தவன் பேரைத் தட்டிக்கிட்டுப் போயிட்டான் சார்!” என்று பொருமினார் நண்பர்.

“நீங்க ஜார்ஜியாவுல பொறந்திருக்கணும்” என்றேன். முறைத்தார்.

அமெரிக்காவில் இருக்கும் ஜார்ஜியா இல்லை. கருங்கடலுக்குக் கிழக்கே, ஸ்டாலின் பிறந்த ஜார்ஜியா. அங்கே ‘மாமா’ என்றால் சாட்சாத் அப்பா! அம்மாவுக்கு ‘தேதா’. ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் பிட்ஜன்ஜாரா என்று ஒரு பழங்குடி மொழி. அதிலும் மாமா, அப்பாதான். (அங்கே போய் அப்பாவை ‘பப்பா’ என்று கூப்பிட்டுவிடாதீர்கள். நாய் என்று அர்த்தம்.) சீனத்திலும் ஸ்வாஹிலியிலும் மாமா என்றால் அம்மா. நம்மூரில் கேட்கவே வேண்டாம். அம்மாவின் தம்பி, அத்தையின் புருஷன், மாமனார், எதிர்வீட்டு ரிடையர்டு தாசில்தார், சில வீடுகளில் தாலி கட்டிய கணவர், ஹெல்மெட் இல்லாதபோது கை காட்டும் கான்ஸ்டபிள் எல்லாருமே மாமா. இன்னொரு அர்த்தமும் உண்டு. குடும்பப் பத்திரிகை, விட்டுவிடுவோம்.

ஒரே சத்தம், எப்படி இத்தனை பேருக்குச் சொந்தமாகிறது?

மாஸ்கோவில் பிறந்து ஹார்வர்டில் பாடம் நடத்திய மொழியியல் பேராசிரியர் ரோமன் யாகப்ஸன், 1960-ல் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார். பல மொழிகளிலிருந்து திரட்டிய 1,072 அம்மா, அப்பா வார்த்தைகளை வைத்துக்கொண்டு பார்த்தால், அம்மா வார்த்தைகளில் நூற்றுக்கு 55-ல் ம, ந மாதிரி மூக்கொலி இருக்கிறது. அப்பா வார்த்தைகளில் 15-ல்தான். காரணம் ரொம்ப எளிது. வாய் நிறையப் பால் இருக்கும்போது குழந்தையால் போட முடிந்த ஒரே சத்தம், மூக்கு வழியாக ‘ம்ம்ம்’. அப்புறம் பசித்தாலும் அதே ‘ம்ம்ம்’. வாயைத் திறந்தால் ‘மா’. அதாவது பயல் யாரையும் கூப்பிடவில்லை, டிபன் கேட்கிறான். பக்கத்தில் நிற்கிற பெரியவர்கள்தான் ‘என்னைத்தான், என்னைத்தான்’ என்று துண்டு போட்டு இடம் பிடிக்கிறோம். பெரும்பாலும் அது, பால் தருகிற அம்மாவுக்குப் போய்ச் சேருகிறது. ஜார்ஜியாவில் அப்பா முந்திக்கொண்டுவிட்டார்.

“அம்மா, மம்மி ரெண்டும் ஒண்ணா இருக்கே, அப்ப இங்கிலீஷே தமிழ்லேர்ந்துதானே வந்தது?” என்று டீக்கடையில் மடக்குகிறவர்களுக்கு: இந்த ஒரு வார்த்தையை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். எந்த மொழி வீட்டிலும் தொட்டிலுக்குத் தொட்டில் புதிதாகக் கிளம்புகிற சத்தம் இது. பிறழ்சாட்சியும் நம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. தமிழோடு கூடப்பிறந்த திராவிட மொழியான துளுவில் ‘அப்பெ’ என்றால் அம்மா. ‘அம்மெ’ என்றால் அப்பா!

நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “துளு எங்கே சார் பேசறாங்க?”

“மங்களூர், உடுப்பி பக்கம்.”

“ஜார்ஜியா நமக்குக் கட்டுப்படியாகாது. மங்களூருக்குன்னா சென்ட்ரல்லேர்ந்து மெயில் இருக்கு...”

உள்ளேயிருந்து ‘ம்மா... ம்மா...’ என்று குரல் வந்தது. “வந்துட்டேன்டா ராஜா!” என்று பால் பாட்டிலோடு ஓடினார்.

ஐந்து நிமிஷத்தில் காலி பாட்டிலோடு திரும்பி வந்தார்.

“குடிச்சு முடிச்சதும் பேச்சு மூச்சைக் காணோம் சார்.”