பைக் இன்ஜின் ஆயில்... வாரம் ஒருமுறை சில நிமிடங்கள் போதும்!

பெட்ரோல் குறைந்தால் மீட்டர் முள் காட்டிக்கொடுத்துவிடும். டயரில் காற்று இறங்கினால் ஓட்டும்போதே தெரிந்துவிடும். ஆனால், இன்ஜின் ஆயில் குறைவதை 100 சிசி, 125 சிசி பைக்குகள் பலவும் சொல்வதே இல்லை. அவற்றில் ஆயில் எச்சரிக்கை விளக்கு கிடையாது. 'போன மாசம்தானே சர்வீஸ் விட்டோம்' என்று ஓட்டிக்கொண்டிருப்போம். ஒருநாள் இன்ஜின் 'சீஸ்' ஆகும். ஓடுகிற வேகத்தில் பின்சக்கரம் இறுகிக்கொண்டால், ஆளையே கீழே தள்ளிவிடும்.

ஒரே ஆயில்... மூன்று வேலை!

கார்களில் இன்ஜினுக்கு ஓர் ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில். நம் ஊர் கியர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். 100 சிசி பைக்கில் அது சுமார் 1 லிட்டர். 200 மில்லி குறைந்தாலே ஐந்தில் ஒரு பங்கு போச்சு!

எப்படிப் பார்ப்பது?

* சமதளத்தில் பைக்கை சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் அளவு தப்பாகக் காட்டும்.

* 3 நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணையுங்கள். ஆயில் கீழே இறங்க இன்னொரு 3 நிமிடம் கொடுங்கள். சைலன்சர் சூடாக இருக்கும், கை ஜாக்கிரதை.

* டிப்ஸ்டிக்கைக் கழற்றி, சுத்தமான துணியால் துடையுங்கள். மறுபடி உள்ளே விட்டு எடுங்கள். பல பைக்குகளில் மரையைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் பைக்குக்கு எப்படி என்பது கையேட்டில் இருக்கும்.

* ஆயில், மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். சில மாடல்களில் டிப்ஸ்டிக்குக்குப் பதில் சிறிய கண்ணாடி இருக்கும். அதில், பைக்கை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள்.

குறைந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் ஆயில் நுரைக்கும், சீல் கசியும்.

நிறம் சொல்லும் சேதி!

கறுத்த ஆயிலைப் பார்த்ததும் பயம் வேண்டாம். கரியைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதும் ஆயிலின் வேலைதான். ஆனால், பால் கலந்த டீ போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் ஏராளமான பைக்குகள் மூழ்கின. அப்படி மூழ்கிய பைக்கை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய், ஆயிலை முழுக்க மாற்றுவதே பாதுகாப்பு.

சைலன்சரில் நீலப் புகை வருகிறதா? ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஊற்றிக்கொண்டே இருப்பது தீர்வாகாது. பிஸ்டன் ரிங், வால்வு சீல் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த ஆயில்?

10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று கையேட்டில் உள்ள கிரேடையே வாங்குங்கள். கியர் பைக்குக்கு டப்பாவில் 'ஜேஏஎஸ்ஓ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற குறி இருக்கட்டும். 'எம்பி' குறியுள்ளது ஸ்கூட்டருக்கானது. மிச்சமிருக்கும் கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் ஸ்லிப் ஆகலாம்.

புது பைக்கில் முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடவே கூடாது. பிறகு, கையேட்டில் உள்ள கிலோமீட்டர் அல்லது மாதக்கணக்கு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

ஆயில் மாற்றச் சில நூறு ரூபாய். சீஸ் ஆன இன்ஜினைப் பிரித்தால் பல ஆயிரம். ஞாயிற்றுக்கிழமை பைக்கைத் துடைக்கும்போது, டிப்ஸ்டிக்கையும் ஒருமுறை துடைத்துப் பாருங்களேன்!