ஐஸும் நம்ம வீட்டு ஐஸாக இருக்கட்டும்!

கோடை வந்தாச்சு. பள்ளிக்கூடம் பூட்டியதும் பேரன் பேத்திகள் அம்மிச்சி வீட்டுக்கு வந்து இறங்கிவிடுவார்கள். ஊர் நோம்பி, காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் பந்தல் நிற்கும். வேர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "ஏனுங்க, சில்லுன்னு குடிக்க ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்பதுதானே!

எலுமிச்சை ஜூஸும் ரோஸ் மில்க்கும் எத்தனை நாளைக்கு? வெளியூரில் வேலை பார்க்கிற நாத்தனார் மகள் லீவில் வந்ததும், "அத்தை, மாம்பழ மார்கரீட்டா செய்யலாமா?" என்கிறாள். "அதென்ன பானம்? சாராயம் கலக்காமல் வருமா? வீட்டிலேயே முடியுமா?" என்பது இளம் அம்மாக்கள் பலருடைய சந்தேகம். தாராளமாக முடியும், சகோதரிகளே! ஆனால் பழத்தை நறுக்குவதற்கு முன்னால் யோசிக்க வேண்டிய சாமான் ஒன்று உண்டு. அது ஐஸ்.

மார்கரீட்டா என்றால் என்ன?

மெக்சிகோ நாட்டோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பானம் இது. முதலில் கலக்கியது நான்தான் என்று உரிமை கொண்டாடியவர்களே நாலைந்து பேர். நம் தோட்டத்து வேலியோரம் நிற்கிறதே ஆனைக்கற்றாழை, அதற்குச் சொந்தக்காரச் செடி ஒன்றிலிருந்து எடுக்கிற டெக்கீலா என்ற சாராயம், எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சு வாசனை மது மூன்றும் சேர்ந்ததுதான் அசல் மார்கரீட்டா. டம்ளர் விளிம்பில் உப்பு ஒட்டியிருக்கும்.

1971-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் உணவகம் நடத்திய மரியானோ மார்ட்டினெஸ் என்பவர், ஐஸ்கிரீம் இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்து இதைக் கூழ் ஐஸாக ஊற்றித் தரும்படி செய்தார். அந்த இயந்திரத்தை 2005-இல் வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் வாங்கிக் காட்சிக்கு வைத்ததென்றால் பாருங்களேன்!

சாராயத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? புளிப்பு, இனிப்பு, உப்பு, சில்லிப்பு. மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுச் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இந்த ருசியைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இயந்திரம் செய்கிற வேலையை நம் வீட்டு மிக்ஸியே செய்துவிடும்.

ஐஸில் என்ன இருக்கிறது?

விசேஷ வீட்டில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பாலைக் காய்ச்சுகிறோம், பழத்தை மூன்று தண்ணீரில் கழுவுகிறோம். கடைசியில் சாக்கில் சுற்றி வண்டியில் வந்த ஐஸ் பாரைத் தரையில் போட்டு உடைத்து, அண்டாவுக்குள் தள்ளிவிடுகிறோம்! மீனைக் கெடாமல் வைக்கத் தயாரித்த ஐஸா, குடிக்கிற தண்ணீரில் செய்ததா என்று கேட்க அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது.

"உறைஞ்சு போன ஐஸில் கிருமி செத்துப் போகாதா?" என்பார்கள் சிலர். சாகாது. டைபாய்டுக் கிருமியும் மஞ்சள் காமாலைக் கிருமியும் ஐஸுக்குள் உயிரோடிருந்து, உருகியதும் வேலையைக் காட்டும். டைபாய்டு தலைகாட்ட ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகலாம். அசுத்தத் தண்ணீரால் வரும் 'ஏ' வகைக் காமாலைக்குப் பதினைந்து நாள் முதல் ஐம்பது நாள் வரை ஆகும். அதற்குள் விருந்து சாப்பிட்டதே மறந்திருக்கும். "வெய்யில் சூடு, காமாலை கண்டிருக்குது" என்பார்களே தவிர, அந்த அண்டா ஜூஸ் யார் நினைவுக்கும் வராது.

இதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. தண்ணீர் மூலம் பரவும் 'ஈ' வகைக் காமாலை மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே குணமாகிவிடும். கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதத்தில் வந்தால், 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. வளைகாப்பை நாம் எந்த மாதத்தில் வைக்கிறோம்? ஏழிலும் ஒன்பதிலும்! கை நிறைய வளையல் அடுக்கி, மணையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் கையில் முதல் டம்ளரைக் கொடுப்பதற்கு முன், "இந்த ஐஸ் எங்கிருந்து வந்தது?" என்று கேட்க வேண்டாமா, அம்மிணி?

நம்ம வீட்டு ஐஸ்

சிறுவாணித் தண்ணீரின் ருசி ஊரறிந்தது. ஆனால் அணையிலிருந்து கிளம்பிய தண்ணீர் குழாயில் ஓடி, நம் வீட்டுத் தொட்டியில் தங்கித்தானே டம்ளருக்கு வருகிறது? எந்தத் தண்ணீரானாலும் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷம் விட்டு இறக்குங்கள். மூடி ஆற வைத்து ஐஸ் தட்டில் ஊற்றுங்கள். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பே தொடங்கினால், உறைந்த கட்டிகளைச் சுத்தமான மூடிபோட்ட டப்பாவில் கொட்டிவிட்டு அடுத்த தட்டு வைக்கலாம். பிரிட்ஜ் சின்னதாக இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு தட்டு கொடுத்து வையுங்கள். மாட்டேன் என்றா சொல்வார்?

இதைவிட நல்ல வழி, பழத்தையே ஐஸாக்குவது. நறுக்கிய துண்டுகளைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, முதல் நாள் ராத்திரி உறைய வைத்துவிட்டால் தனி ஐஸே வேண்டாம். ஐஸ் உருக உருகப் பானம் சப்பென்று ஆகிவிடும் என்ற கவலையும் இல்லை.

விளிம்பு உப்பு

இரண்டு மேஜைக்கரண்டி கல் உப்பு, ஒரு வறுத்த மிளகாய், அரைத் தேக்கரண்டி வறுத்த சீரகம் மூன்றையும் கரகரப்பாகப் பொடித்துத் தட்டில் பரப்புங்கள். டம்ளர் விளிம்பில் எலுமிச்சை மூடியைத் தேய்த்து, தட்டில் கவிழ்த்து எடுத்தால் உப்பு அழகாக ஒட்டிக்கொள்ளும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் உப்பில்லாத டம்ளரைத் தனியாக வையுங்கள்.

இனி நான்கு வகைகள். ஒவ்வொன்றும் பத்துப் பேருக்கு, ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர் கணக்கு. 100 கிராம் சர்க்கரையை 100 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு ஆற வைத்த பாகை முன்கூட்டியே தயாராக வையுங்கள். ஆளுக்கு 10 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி சர்க்கரைதான் சேரும்.

1. மாம்பழம்: கிளிமூக்கோ செந்தூரமோ ஒரு கிலோ. தோல் சீவி நறுக்கி உறைய வைத்த துண்டுகள், நான்கு எலுமிச்சம்பழச் சாறு, பாகு, ஒரு தேக்கரண்டி இஞ்சிச் சாறு, காய்ச்சி ஆறிய குளிர்ந்த தண்ணீர் மூன்று டம்ளர். மிக்ஸியை ஒரேயடியாக ஓட்டாமல் விட்டுவிட்டு ஓட்டுங்கள். கூழ் பதத்தில் நிறுத்திவிட வேண்டும். பழம் நல்ல தித்திப்பாக இருந்தால் பாகில் பாதி போதும். மாம்பழத்தைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. சந்தேகமாக இருந்தால் நாலைந்து நாள் முன்பே முற்றின காயாக வாங்கி, வைக்கோலில் வைத்துப் பழுக்க விடுங்கள்.

2. பன்னீர் திராட்சை: நம் தொண்டாமுத்தூர் வட்டாரத்துத் தோட்டங்களில் விளைகிற கறுப்புத் திராட்சை இருக்க, வேறு எதற்குப் போவானேன்? ஒரு கிலோவைக் காம்பு நீக்கி, ஓடும் தண்ணீரில் அலசி அலசிக் கழுவுங்கள். மருந்து அடிக்கிற பயிராச்சே! ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுத் தோல் வெடிக்கும் வரை பத்து நிமிஷம் வேகவிட்டு, மத்தால் மசித்து வடிகட்டுங்கள். மிக்ஸியில் போட்டால் விதை அரைபட்டுக் கசக்கும். சாற்றில் பாதியை ஐஸ் தட்டில் உறைய வைத்து, மீதிச் சாறு, மூன்று எலுமிச்சம்பழச் சாறு, பாதிப் பாகு, இரண்டு டம்ளர் காய்ச்சி ஆறிய தண்ணீர் சேர்த்து அடியுங்கள். நிறத்தைப் பார்த்தே பிள்ளைகள் ஓடி வருவார்கள்.

3. அன்னாசி: நடுத்தரப் பழம் இரண்டு. கண்ணெல்லாம் எடுத்து நறுக்கி உறைய வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, பாகு, கால் தேக்கரண்டி மிளகுத் தூள், இரண்டு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் போதும். இதில் பாலோ ஐஸ்கிரீமோ சேர்க்காதீர்கள். பச்சை அன்னாசியில் உள்ள ஒரு சத்து பாலைக் கசக்க வைத்துவிடும். பழுத்த அன்னாசியை அளவோடு சாப்பிடுவதால் கர்ப்பிணிக்குத் தீங்கில்லை என்பதே மருத்துவர்கள் சொல்வது. ஆனாலும் வளைகாப்பு வீட்டில் மாமியார், அப்பத்தாவின் மனம் சங்கடப்பட வேண்டாம் என்றால், அன்றைக்கு மாம்பழத்தையோ திராட்சையையோ வைத்துவிடுங்களேன்.

4. இளநீர் நுங்கு: ஆறு இளநீர். இரண்டின் தண்ணீரை வெட்டியவுடன் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். மற்ற நான்கைப் பரிமாறும் நேரத்தில் வெட்டுங்கள். இளசான நுங்கு பத்தைத் தோல் உரித்துப் பொடியாக நறுக்கி, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, நாலு புதினா இலையோடு எல்லாவற்றையும் கலக்கினால் முடிந்தது. சர்க்கரையே வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இளநீர் ஆகாது. அதிலுள்ள பொட்டாசியம் அவர்களுக்குக் கெடுதல் செய்யலாம்.

யாருக்கு எவ்வளவு?

பழச்சாறுதானே என்று குழந்தைக்குக் கணக்கில்லாமல் கொடுக்கக் கூடாது. இரண்டு வயது வரை பழச்சாறே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளைக்கு 125 மில்லிக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. கைக்குழந்தைக்குப் பழத்தை அப்படியே மசித்து ஊட்டுங்கள். பெரியவர்களும் ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நாளைக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரைக்குள் இருந்தால் இன்னும் நன்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாற்றில் இயற்கையாக உள்ள சர்க்கரையும் அந்தக் கணக்கில் சேரும்! சர்க்கரை வியாதி உள்ள மாமனாருக்குச் சாறுக்குப் பதில் இரண்டு துண்டு பழம் போதும்.

பரிமாறும்போது...

செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் புளிப்புச் சாற்றை ஊற்றி வைத்தால் களிம்பு இறங்கி வாந்தி வரும். எவர்சில்வரோ கண்ணாடியோதான் சரி. டம்ளரை அண்டாவுக்குள் முக்கி எடுக்கும் வழக்கம் அறவே கூடாது. நீளக் கரண்டியோ குழாய் வைத்த டிரம்மோ இருக்கட்டும். ஊற்றுகிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவியிருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் நின்றதை, ஐயோ வீணாகிறதே என்று பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டுவிட்டால், தெம்புக்கு என்று பழச்சாறு கொடுக்காதீர்கள். சர்க்கரை அதிகமானால் போக்கும் அதிகமாகும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பெரியதாக இருந்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுசாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். சின்னப் பொட்டலத்துக்கு உறையில் போட்டிருக்கும் அளவுதான். பெயரில் மட்டும் ஓ.ஆர்.எஸ். போட்டுக்கொண்டு விற்ற இனிப்புப் பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஆகவே உறையைப் படித்து வாங்குங்கள். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, ஒன்றுக்குப் போவது குறைந்தாலோ உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

அடுத்த விசேஷத்துக்குச் சாமான் பட்டியல் எழுதும்போது, மளிகை, காய்கறி, பூ, பழம் என்ற வரிசையில் முதல் வரியாக "ஐஸ் — வீட்டில்" என்று எழுதிக்கொள்ளுங்கள். சமையல்காரர், "எதுக்குங்க இத்தனை சிரமம், ஒரு பார் வாங்கிப் போட்டா ஆச்சுங்க" என்பார். சிரித்துக்கொண்டே, "இருக்கட்டுங்கண்ணா, தயாரா இருக்குது" என்று டப்பாவைத் திறந்து காட்டுங்கள். அடுத்த இதழில் பார்ப்போம், வரட்டுங்களா?