வேலியே பயிரை மேய்ந்தால்…

"ஐயா, எலியின் கண்ணை ஆராய்வதால் மனிதனின் கண்ணுக்கு என்ன பயன்?" என்று மாணவன் ஒருவன் என்னிடம் வினவினான். நல்ல கேள்வி, அதற்கு விடை கூற முயல்வோம்.

கண்ணின் உட்பகுதி அழன்று பார்வையையே பறித்துவிடும் நோயொன்று உண்டு. அதனை 'யுவைற்றிஸ்' என்பர். அது சிலருக்குக் கிருமியால் வரும். வேறு பலருக்கோ, உடலைக் காக்கும் வெண்குழியங்களே கண்ணைத் தாக்குவதால் வரும். வேலியே பயிரை மேய்கின்ற கதைதான்!

வேலி ஏன் இவ்வாறு மேய்கின்றது? நோயாளியின் கண்ணை அறுத்து இதனை அறிதல் இயலாது. ஆதலின் விஞ்ஞானிகள் சுண்டெலியின் துணையை நாடினர். அதன் பரம்பரை அலகுகளுள் குறித்த ஒன்றை மட்டும் செயலிழக்கச் செய்யும் முறையை வகுத்த கப்பெச்சி, எவன்ஸ், சிமித்தீஸ் ஆகிய மூவரும் 2007 இல் நோபல் பரிசு பெற்றனர்.

நெஞ்சறையிலுள்ள தைமசுச் சுரப்பியை வெண்குழியங்களின் பாடசாலை எனலாம். பல்வேறு உறுப்புக்களுக்குரிய புரதங்கள் அங்கே சிறிதளவில் ஆக்கப்பெற்று, 'இவை நம்மவை' எனக் காட்டப்படுகின்றன. அவற்றைப் பகைக்கும் குழியங்களிற் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படும். இப்பாடத்தை நடத்துவது 'எயர்' என்னும் பரம்பரை அலகு. அதனை இழந்த சுண்டெலிகளின் கண் முதலிய உறுப்புக்கள் தாக்கப்படுவதை ஆய்வாளர் 2002 இல் வெளியிட்டனர். விழித்திரைக்குரிய ஒரேயொரு புரதம் தைமசில் இல்லாதொழிந்தாலே கண் அழலும் என்பது 2006 இல் தெளிவாயிற்று.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது. கண்ணுக்குள் அடைபட்டுக் கிடக்கும் புரதத்தைக் காணாத வெண்குழியத்தைத் தூண்டியது யாது? விழித்திரைப் புரதத்தைப் பகைக்கும் வெண்குழியங்களோடு பிறக்குமாறு அமெரிக்கத் தேசிய கண் நிறுவகத்தார் சுண்டெலிகளை உருவாக்கினர். அவற்றுக்கு நோய் தானாகவே வந்தது. மருந்தூட்டிக் குடலிலுள்ள பற்றீரியாக்களைக் குறைத்தபோது நோயும் தணிந்தது. 2015 இல் வெளியான இவ்வாய்வு, கண்ணில் எரியும் தீயின் பொறி குடலில் இருக்கக்கூடும் என உணர்த்தியது.

இதனைக் கேட்டுக் கண்ட மருந்தையும் விழுங்கிவிடாதீர்கள். சுண்டெலி மனிதனன்று, நமது கூர்ந்த பார்வைக்குரிய மஞ்சட்புள்ளி அதன் கண்ணில் இல்லை. கண் சிவந்து, ஒளிக்குக் கூசி, பார்வை மங்கினால் தாமதியாது கண் வைத்தியரிடம் செல்லுங்கள்.

காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவதே சுண்டெலி செய்யும் உதவி. தன் பார்வையை இழந்து அது கற்பிக்கும் பாடத்தை வீணாக்காதிருத்தல் நம் கடன்.