நாலு ராணிகளும் காப்பியும்

என் எட்டு வயசுப் பிள்ளைக்குப் பேச்சு திக்கும். விருந்தாளி வந்தால் கட்டிலடியில் ஒளிந்துகொள்வான். அவனுக்காகவே பழைய சீட்டு வித்தை ஒன்றுக்கு நானே ஒரு கதை கட்டினேன்.

நாலு ராணிகளை விசிறிபோல் பிடியுங்கள். கடைசி ராணியின் முதுகில் வேறு மூன்று சீட்டுகள் ஒட்டினாற்போல் மறைந்திருக்கட்டும். (முதல் நாள் நான் இரண்டே வைத்து, மானம் போச்சு!) விசிறியைக் காட்டிவிட்டு, மடக்கி, கட்டின்மேல் கவிழ்த்து வையுங்கள். இப்போது மேலே இருப்பது அந்த மூன்றும்தான். "நாலு மருமகள்கள். ஒருத்தி கிணற்றடிக்கு, ஒருத்தி மாடிக்கு, ஒருத்தி பூஜை அறைக்கு" என்று ஒவ்வொன்றாய், முகம் காட்டாமல், கட்டின் கீழ்ப்பாதியில் செருகுங்கள். நாலாமவள் அடுக்களையில், அவளைத் தைரியமாய்த் திருப்பிக் காட்டலாம். "காப்பி ரெடி!" என்று கட்டைத் தட்டினால் நாலு பேரும் மேலே!

போன ஞாயிறு என் மாமியாருக்குச் செய்து காட்டினான். "கி... கி..." என்று நின்றபோது எடுத்துக்கொடுக்க என் நாக்கு துடித்தது. எடுத்துக்கொடுக்காமல் காத்திருக்கணும் என்பது டாக்டர் சொன்னது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கிணற்றடியை அவனே சொல்லி முடித்தான்.

"அதெப்படிடா? நானும் மருமகளாத்தான் இருந்தேன். என்னை யாரும் காப்பிக்குக் கூப்பிடலையே!" என்றார் மாமியார்.